வட கரோலினாவின் சதுப்புக் கரை: பலகைச் சுவரா, கல் வரம்பா, வெறும் புல்லா?

அமெரிக்காவின் வட கரோலினாவில் சதுப்பை ஒட்டி மனை வைத்திருப்பவர், கரை அரிக்கத் தொடங்கியதும் முதலில் நினைப்பது பல்க்ஹெட்டைத்தான். வினைல் அல்லது மரப் பலகைகளை வரிசையாக மண்ணில் இறக்கி எழுப்பும் செங்குத்துச் சுவர் அது. ஒப்பந்தக்காரர்களுக்குக் கைவந்த வேலை, பெர்மிட்டும் எளிது. இதற்குப் போட்டி, லிவிங் ஷோர்லைன் எனப்படும் உயிர்க்கரை. அதில் இரண்டு வகை உண்டு: உவர்ப்புல்லை மட்டும் நடுவது, புல்லுக்கு முன்னால் தண்ணீரில் தாழ்வான கல் வரம்போ சிப்பி ஓட்டுப் பை வரிசையோ வைப்பது.

சுவர் எப்படித் தோற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். செங்குத்தான முகத்தில் மோதும் அலை திரும்பி அடித்து அடிமண்ணைத் தோண்டும். முன்னாலிருக்கும் சதுப்பு சில ஆண்டுகளில் கரைந்துபோகும். புயலில் தண்ணீர் சுவரைத் தாண்டி ஏறினால், வடியும்போது பின்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். வடிகால் துளைகளுக்குப் பின்னால் வடிதுணி இல்லையென்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். சுவரைப் பின்னிழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் உப்பில் துருப்பிடித்தால் பலகைகள் முன்பக்கம் சாயும். 2011 ஐரீன் சூறாவளிக்குப் பின் வட கரோலினாவின் மத்திய அவுட்டர் பேங்க்ஸ் தீவுப் பகுதியில் ஆய்வுக்கு உட்பட்ட பல்க்ஹெட்டுகளில் 76 சதவீதம் சேதமடைந்திருந்தன. அதே ஆய்வில் மற்ற வகைக் கரைகளில் சேதம் காணப்படவில்லை. கல் வரம்புக்குப் பின்னிருந்த சதுப்பின் மட்டமும் குறையவில்லை.

அப்படியிருந்தும் சுவர்கள் பெருகியதற்குப் பெரிய காரணம் காகித வேலை. 1974ஆம் ஆண்டின் கரையோரப் பகுதி மேலாண்மைச் சட்டம் (சுருக்கமாக ‘காமா’) 20 கடலோரக் கவுண்டிகளில் செல்லும். அதன் கீழ் சுவருக்கும் வரம்புக்கும் தனித்தனிப் பொதுப் பெர்மிட்டுகள் (வழக்கமான வேலைகளுக்கான சுருக்க அனுமதி) இருந்தாலும், வரம்புக்கு மட்டும் பல துறைகளின் கருத்தைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் விதிகளைத் திருத்தி அந்த ஏற்றத்தாழ்வைப் பெருமளவு குறைத்தார்கள். ஆகவே, ‘வரம்புக்கு அனுமதி வாங்கி மாளாது’ என்று இன்று யாராவது சொன்னால், அது பழைய கதை.

கூட்டாட்சி மட்டத்தில் அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தெரிகிறது. ராணுவப் பொறியாளர் படையின் நாடளாவிய பெர்மிட் 13 சுவர் போன்ற கரைப் பாதுகாப்புக்கானது. 500 அடி நீளத்துக்குள், ஓரடிக்குச் சராசரியாக ஒரு கன கஜத்துக்கு மேல் பொருள் கொட்டாமல், சதுப்பைத் தொடாமல் செய்யும் வேலைக்கு அது பொதுவாக முன்னறிவிப்பே கேட்பதில்லை. 2017இல் வந்த பெர்மிட் 54 உயிர்க்கரைக்கென்றே உருவானது. தாழ் ஓதக் கோட்டிலிருந்து (கடல் வற்றும்போது நீர் நிற்கும் கோடு) நீருக்குள் 30 அடி, கரையோரமாக 500 அடி என்பது அதன் எல்லை. முன்னறிவிப்புக் கட்டாயம், முழுமையான விண்ணப்பம் சேர்ந்த பின் 45 நாள் பரிசீலனை. படையின் வில்மிங்டன் மாவட்ட அலுவலகத்துக்கென்று தனி நிபந்தனைகள் இருப்பதால், உங்கள் வேலை எந்தப் பெர்மிட்டில் அடங்கும் என்பதை வரைபடம் போடும் முன்பே அங்கே கேட்டுவிடுங்கள்.

மாநிலப் பொதுப் பெர்மிட்டில் சுவரைச் சதுப்புப் புல்லுக்குக் கரைப்பக்கமாகத்தான் கட்டலாம். வரம்பை உயர் ஓதக் கோட்டிலிருந்து 30 அடி வரையோ, இருக்கும் சதுப்பின் விளிம்பிலிருந்து 5 அடி வரையோ, எது அதிகமோ அதுவரை தண்ணீருக்குள் வைக்கலாம். 100 அடிக்கு ஒன்றாக 5 அடி அகலத் திறப்பு வேண்டும். படகுக்காரர் கண்ணில் படும்படி 50 அடிக்கு ஒரு மஞ்சள் பிரதிபலிப்பான், உயர் ஓதத்துக்கு மேல் 3 அடி எழும்பி நிற்க வேண்டும். பக்கத்து மனையின் நீரெல்லையிலிருந்து 15 அடி தள்ளி வைக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. வேலைக்கு ஆட்சேபணை இல்லையென்று அவர் எழுதிக் கொடுக்காவிட்டால், தபாலில் அறிவிப்பு அனுப்பி 10 நாள் பொறுக்க வேண்டும். பெர்மிட் கைக்கு வந்ததும் 120 நாள் கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் அது காலாவதியாகும்.

பலர் மாட்டிக்கொள்வது மணல் நிரப்புவதில். ‘வரம்புக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி, போன நிலத்தை மீட்டுவிடலாம்’ என்ற கணக்கு பொதுப் பெர்மிட்டில் செல்லாது. உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே போன நிலம் பொதுச்சொத்து. நிரப்பத்தான் வேண்டுமென்றால் பெரிய பெர்மிட் வாங்க வேண்டும். அதைப் பத்துக்கும் மேற்பட்ட துறைகள் பார்க்கும். 75 நாள் கெடு, தேவைப்பட்டால் இன்னொரு 75.

வரம்பும் தோற்கும். சேற்றில் துணி விரிக்காமல் கல்லை அடுக்கினால் புதைந்துபோகும். அதிக உயரமாகக் கட்டினால் பின்னால் நீர் தேங்கிப் புல் அழுகும். மீனும் ஆமையும் உள்ளே வர முடியாது. வரம்பு முடியும் இரு ஓரங்களையும் கரையோடு இணங்க முடிக்காவிட்டால் அரிப்பு அங்கே பிடித்துக்கொள்ளும்.

அலை ஓடிவரும் திறந்த நீர்ப்பரப்பு ஒரு மைலுக்கும் குறைவு, படகுப் போக்குவரத்தும் சொற்பம் என்றால் கல்லே வேண்டாம், புல் போதும். ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்ற உவர்ப்புல்லைச் சராசரிக் கடல் மட்டத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடையில் நடுங்கள். அதற்கு மேலே ஸ்பார்டினா பேட்டன்ஸ். நாற்றுக்கு நாற்று ஒன்றரை அடி விட்டால், 100 அடி நீளம் 15 அடி அகலத்துக்குச் சுமார் 670 நாற்று பிடிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடவுக்கு ஏற்ற பருவம். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் விழாத இடத்தில் புல் மெலிந்துவிடும். கரை மரங்களின் கிளைகளை முன்பே கழித்துவிடுங்கள். முதல் ஆண்டில் ஓதம் கொண்டுவந்து ஒதுக்கும் காய்ந்த தட்டைகள் நாற்றை மூடிக் கொன்றுவிடும், வாரம் ஒருமுறை வாரிப் போட வேண்டும்.

ஆழமான படகுத்துறைக் கால்வாயை ஒட்டிய மனை, கரை விளிம்பிலேயே வீடு நிற்கும் மனை ஆகியவற்றில் வரம்புக்கு இடமே கிடைக்காது. அங்கே சுவரோ சரிவான கல் அடுக்கோதான் வழி; எங்கள் தேர்வு கல் அடுக்கு, ஏனென்றால் அது அலையைத் திருப்பி அடிக்காமல் தணிக்கும். சதுப்புப் புல் இன்னும் ஒரு கீற்றாவது மிஞ்சியிருக்கும் மனைக்கு உயிர்க்கரையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். காமா கள அலுவலர் உயர் ஓதக் கோட்டைக் குறிக்க வரும் நாளைத் தாழ் ஓத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அந்தப் புல் எதுவரை நிற்கிறது என்பது அப்போதுதான் முழுதாகத் தெரியும்.