டூலாவுக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள்: என் 35,000 ரூபாய் போன கதை

சென்னையில் டூலா (பிரசவத்தின்போது கூடவே இருந்து தைரியம் சொல்லி உதவும் பெண்) வைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்கு 35,000 ரூபாய் போய்விட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அந்த டூலாவின் பேர் சொல்லவில்லை. சுகப்பிரசவ ரீல்ஸ் போடும் பக்கம், பின்தொடர்பவர்கள் ஏராளம். வீட்டுக்கே வந்தார். என் பின்னால் தரையில் மண்டி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பெலும்பை இரு பக்கமும் சேர்த்து அழுத்தினார். மாதக்கணக்கில் படுத்திய வலி அப்படியே விட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி போற வரைக்கும் இப்படி அமுக்குங்க சார்" என்று அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்களை லேபர் வார்டுக்குள் விட மாட்டார்கள், ஒரே ஒரு பெண் துணைக்குத்தான் அனுமதி. அம்மாவுக்கோ மூட்டுவலி. இதைச் சொன்னதும், "நான் எதுக்கு மா இருக்கேன்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து நிப்பேன்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் படி இறங்கும் முன்பே ஜிபேயில் 35,000 ரூபாய் போய்விட்டது.

38 வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராத்திரியில் பனிக்குடம் உடைந்தது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. விடிகிற நேரத்தில் ஒரு வாய்ஸ் நோட்: "வேற டெலிவரியில இருக்கேன் மா, பேக்கப் டூலா வீடியோ கால்ல வருவாங்க." லேபர் வார்டில் வீடியோ காலா? சிஸ்டர் ஃபோனை வாங்கி வெளியே கொடுத்துவிட்டார். அம்மாதான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வீங்க வீங்க என் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "முதல்ல குழந்தையைப் பாரு மா, பணம் எங்க போயிடப் போகுது?" அப்புறம், "அக்கவுன்ட்ஸ் டீம்கிட்ட சொல்லிருக்கேன்." ஒரே ஆள் நடத்தும் பக்கத்துக்கு என்ன டீம்? அப்புறம் ஒரு பிடிஎஃப் வந்தது. 'ஆன்-கால்', அதாவது எப்போது கூப்பிட்டாலும் வருவது, 38 வாரம் முடிந்த பிறகுதான் தொடங்குமாம்! 37 வாரம் முடிந்தாலே பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கடைசியில் 35,000க்கு ஈடாகத் தாய்ப்பால் வகுப்பு ஒன்று 'இலவசம்' என்றார். கமெண்டில் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பாதிப் பணம் பிரசவம் முடிந்த பிறகு என்று பேசுங்கள். எந்த வாரத்திலிருந்து வருவார், வராவிட்டால் யார் வருவார் என்று எழுதி வாங்குங்கள், அந்த ஆளையும் நேரில் பாருங்கள். டூலா நர்ஸும் இல்லை, மிட்வைஃபும் இல்லை. நர்ஸுக்கு கவுன்சில் பதிவு உண்டு, இவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. கையில் இருக்கும் சான்றிதழைப் பார்த்து மயங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் போட்டுப் புகார் பதிந்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயும் போகிறேன். இதே மாதிரி ஆளிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே போடலாம் கேஸை.