சுங்கை சிப்புட்டில் ஒரு புத்தகக் கடையும் அதன் வரலாற்று அடுக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைவீதியில் உள்ள இந்தப் புத்தகக் கடைக்கு நான் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். செம்பனைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும் பெற்றோர், ஈப்போ வரை அலையாமல் பயிற்சி நூல்களையும் எழுதுபொருள்களையும் இங்கேயே வாங்கிவிடலாம். பள்ளி திறக்கும் வாரத்தில் கையில் பணம் இல்லாதவர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுத்துவிட்டு, சம்பள நாள் வரை முகம் சுளிக்காமல் காத்திருக்கும் முதலாளி அவர். கேட்ட தமிழ் நூலைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்துத் தருவார். கூடுதலாக ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) வாங்கமாட்டார்.

இவ்வளவு நல்ல கடையின் வரலாற்று அடுக்கில், உலகப் போர் நூல்களுக்கு நடுவே, ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்பதன் மலாய் மொழிபெயர்ப்பு வைக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் படித்து இப்போது நான்காம் படிவத்தில் இருக்கும் மாணவன் ஒருவன் அதை வாங்கிவந்து, “சார், உலகத்தையே யூதர்கள்தான் நடத்துகிறார்களாமே, உண்மையா?” என்று கேட்டபோதுதான் எனக்கு அது தெரியவந்தது. வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்த நூல் ஒரு போலி. 1903-இல் ரஷ்யச் செய்தித்தாள் ஒன்றில், யூதத் தலைவர்கள் இரகசியமாகக் கூடித் தீட்டிய திட்டம் என்ற பெயரில் அது முதன்முதலாக வெளியானது. அதன் பல பகுதிகள் 1864-இல் மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி எழுதிய நூலிலிருந்து திருடப்பட்டவை என்பதை, லண்டன் ‘டைம்ஸ்’ நாளேடு 1921-இல் வரிக்கு வரி ஒப்பிட்டு அம்பலப்படுத்தியது. அதற்குப் பின்னும் நாஜி ஜெர்மனி அதை அச்சடித்துப் பரப்பியது. அந்த ஆட்சி கொன்ற யூதர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர்.

இது பழங்கதையும் அன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2018 அக்டோபர் 27 அன்று யூத வழிபாட்டுக் கூடத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக்கொன்றவன், அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பு ஒன்றின் மீது வெறுப்பைக் கக்கிவிட்டுத்தான் துப்பாக்கியை எடுத்தான். வெளியாரை நாட்டுக்குள் கொண்டுவருவது யூதர்களின் சதி என்பது அவன் நம்பிக்கை. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தச் சாவுகள் தொலைவில் நடந்தவை என்று தோன்றக்கூடாது.

முதலாளியிடம் பேசினேன். “சார், காசாவில் பிள்ளைகள் சாகிறார்கள். இந்த நேரத்தில் இதை எடுத்தால் நான் இஸ்ரேல் பக்கம் என்று பேசுவார்கள்” என்றார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. கல்லாவின் அருகில் இருக்கும் பாலஸ்தீன நிதி டின்னில் நானும் பணம் போடுகிறவன். இஸ்ரேல் அரசு வீசும் குண்டுகளைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. காசாவில் போரை நிறுத்தக் கோரி 2023 அக்டோபரில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நிறைத்துக் கைதானவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஓர் அரசு செய்வதற்கு ஒரு மக்களையே, அதுவும் பிறப்பால், குற்றவாளியாக்குவதுதான் தவறு. அந்தத் தவறை இந்த நூல் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கம்யூனிஸ்டுப் போராளிகளால் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் எல்லாருமே சந்தேகத்துக்கு ஆளானதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

யூதரை நேரில் கண்டிராத மாணவனுக்கு நான் சொன்னது, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள பினாங்கைப் பற்றி. இன்று ஜாலான் சைனால் அபிடின் எனப்படும் தெருவின் பழைய பெயர் ஜாலான் யஹூடி. அங்கே அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் அழைத்துப்போகச் சொல்லி அவன் கேட்டிருக்கிறான்.

சென்ற வாரம் போனபோது நூல் அகற்றப்படவில்லை. ஆனால் வரலாற்று அடுக்கிலிருந்து கல்லாவுக்குப் பின்னால் போயிருந்தது. யாராவது கேட்டால், இது போலி நூல் என்று சொல்லித்தான் கொடுப்பதாக முதலாளி வாக்களித்திருக்கிறார். சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், நூல் தேர்வுக்கு இப்போதைக்கு மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை திறந்திருக்கும். பயிற்சி நூல் வாங்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்பலாம், வரலாற்று நூல் வாங்கப் போனால் பெரியவர் ஒருவர் கூடப் போவது நல்லது.