வட்டார வள மையச் சிறப்புப் பயிற்சி: டீச்சருக்கு நாலு நட்சத்திரம், போக்குவரத்துக்கு ஒன்று

மன்னார் வளைகுடாக் கரையில், பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும் ஊர் எங்களுடையது. மகனுக்கு மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பான், பேச்சு எங்களுக்கு மட்டும் புரியும். மூன்றாம் வகுப்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தரும் உதவி எப்படி என்று பல அம்மாக்கள் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

சேர்க்கையில் ஒரு தனியார் பள்ளி "மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல்" என்று திருப்பி அனுப்பியது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்றுதான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சண்டை போடத் தெம்பில்லை. அரசுப் பள்ளி ஹெச்.எம். மறுபேச்சில்லாமல் பெயர் எழுதிக்கொண்டார்.

வள மையச் சேவையில் உருப்படியானது, அங்கிருந்து பள்ளிக்கு வரும் சிறப்பு டீச்சர்தான். பென்சில் வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். கணவாய், நண்டு, சீலா என்று இவன் தினமும் பார்க்கிற படங்களை அட்டையில் ஒட்டினார். இரண்டு நண்டும் மூன்று கணவாயும் சேர்ந்தால் எத்தனை என்று கேட்டால் எண்ணைத் தொட்டுக் காட்டுகிறான். அதைவிடப் பெரிய வேலை, தொட்டுக் காட்டுவதும் பதில்தான் என்று வகுப்பு டீச்சருக்குப் புரிய வைத்தது. அதுவரை வகுப்பில் இவனிடம் யாரும் கேள்வியே கேட்டதில்லை. ஆனால் டீச்சர் ஒருவர், பள்ளிகள் பல. வாரத்தில் ஒரு நாள் வருவார், அன்றைக்கு மீட்டிங் வந்தால் அதுவும் போச்சு.

பிசியோ, அதாவது கை கால் அசைவுக்கான பயிற்சி, வள மையத்தில்தான், குறிப்பிட்ட கிழமையில். பயிற்சி கொடுப்பவர் நன்றாகவே செய்கிறார், குறை சொல்ல மாட்டேன். எங்கள் கஷ்டம் வேறு. பாசிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் போக முடியும். கிழமை பார்த்துக் கடல் வற்றாதே! பிசியோ நாளும் பாசி நாளும் ஒன்றாக வந்தால் கூலி போகும், இல்லையென்றால் பயிற்சி போகும். அவன் அப்பா கடலுக்குப் போய்விடுவார். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார், அதில் மே மாதம் முழுக்கப் பள்ளி விடுமுறை. டவுன் பஸ் இலவசம்தான், அந்தக் கூட்டத்தில் வாக்கரோடு ஏற முடிந்தால். பயணப்படி உண்டு, எப்போதாவது மொத்தமாக வரும். ஆட்டோக்காரர் அன்றன்றைக்குக் கேட்பார்.

மருத்துவ முகாமுக்குக் கட்டாயம் போங்கள். எலும்பு, காது, கண், மனநலம் எல்லா டாக்டரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். எங்களுக்குச் சிபி சேருக்கும் (மூளை முடக்குவாதப் பிள்ளைகள் சாயாமல் உட்காரும் நாற்காலி) அங்கேதான் அளவெடுத்தார்கள். அது வந்து சேர்வதற்குள் பையன் வளர்ந்துவிட்டான், இப்போது அதில் தங்கச்சி உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

பள்ளியில் சாய்தளம் முன்பே இருந்தது, கழிவறையில் கைப்பிடி இல்லை. வாயால் சொன்னபோது "பார்க்கலாம்" என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினேன். அப்புறம்தான் வேலை நடந்தது. எதைக் கேட்டாலும் எழுதியே கேளுங்கள்.

முகாம் எப்போது என்று ஜூன் மாதமே ஹெச்.எம்.மிடம் கேட்டு வையுங்கள். போகும்போது ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கூட, வரிசை நீளமாக இருக்கும்.