கழுத்துப்பட்டை வலிக்கு எந்தக் கருவி? பந்து, உருளை, மசாஜ் கன், கொக்கித்தடி

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறார். 22 வருடம் ஆகிறது. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் தினமும் ஒன்றரை ஷிப்ட். குனிந்த கழுத்து, முன்னால் நீட்டிய கை, துணியைத் தள்ளும் விரல்கள். வலது தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் ஆரம்பிக்கும் வலி, கழுத்துப்பட்டை வழியாக ஏறிப் பின்மண்டை வரைக்கும் போகும். ஊரில் எல்லோரும் வாயுப்பிடிப்பு என்றார்கள். தைலம், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

மருத்துவர் சோதித்துவிட்டு, நரம்பு நசுங்கவில்லை, தசையிலும் அதைச் சுற்றியுள்ள ஃபேசியா என்ற உறையிலும் வரும் நாள்பட்ட வலி இது என்றார். சில பயிற்சிகளைக் கொடுத்தார். வலிக்கும் இடத்தை அழுத்திவிட்டால் இதமாக இருக்கும், அதை வீட்டிலேயே செய்யலாம் என்றும் சொன்னார். இரவில் நான் கட்டைவிரலால் அழுத்திவிடுவேன். எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் அம்மாவுக்கு ஆள் இல்லை. அவர் தனியாகவே பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியைத் தேடி, கடைசியில் ஒன்றை நாங்களே செய்துகொள்ளும் நிலைக்கு வர 2 வருடம் பிடித்தது. அந்த 2 வருடத்தில் கையாண்டு பார்த்தவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில், அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எந்தக் கருவி என்ற கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

இந்தத் துறையில் பெரிய பெயர் ஜேனட் டிராவல். அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக வெள்ளை மாளிகையில் பணிபுரிந்தவர். டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1983-ல் அவர் வெளியிட்ட கையேடுதான் 'டிரிகர் பாயிண்ட்' என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஓரிடத்தில் முடிச்சு, வலி தெறிப்பது வேறொரு இடத்தில் என்பது அவர்கள் வரைந்து காட்டிய படம். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் ஆய்வாளர்களிடம் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரே முதுகை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே புள்ளியைக் காட்டுவார்கள் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் கருவி விற்பவர்கள் எல்லோரும் 'இறுகிய ஃபேசியாவை உடைத்து விடுவிக்கும்' என்றே சொல்கிறார்கள். 2008-ல் சௌத்ரி என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தொடையின் வெளிப்பக்க ஃபேசியாவையும் உள்ளங்கால் ஃபேசியாவையும் வெறும் 1 சதவீதம் அமுக்குவதற்கே, மனிதக் கையால் தர முடியாத அளவு விசை வேண்டும் என்று வந்தது. அப்புறம் எப்படி வலி குறைகிறது? 2015-ல் வந்த ஓர் ஆய்வில் ஒரு காலின் கெண்டைக்காலை உருட்டியபோது, தொடவே தொடாத மறுகாலிலும் வலி தாங்கும் அளவு கூடியது. அப்படியானால் மாற்றம் நடப்பது தசையில் மட்டும் இல்லை, நரம்பு மண்டலத்திலும்தான். இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகத் தேய்க்கிறதே, அதற்கு மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-ல் சொன்ன விளக்கமும் இதே வழியில் போவதுதான். தொடுகையும் அழுத்தமும் தண்டுவடத்துக்குப் போய், அங்கே வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைக்கின்றன.

அதனால் கருவியிடம் நான் எதிர்பார்ப்பது மாறிவிட்டது. பலமாக அழுத்துகிறதா என்பது முக்கியமே இல்லை. அழுத்தத்தை அம்மாவால் இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, வலிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, அதைப் பிடித்திருக்க அதே வலிக்கிற தசைதான் உழைக்க வேண்டியிருக்கிறதா. இந்த மூன்றும்தான் கேள்வி.

பந்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். டென்னிஸ் பந்து ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விட்டம், உள்ளே காற்று, மேலே கம்பளி. தானே அமுங்கிக் கொடுக்கும். அதை நீளமான சாக்ஸில் போட்டு, சாக்ஸின் வாலைத் தோளுக்கு மேலாக முன்பக்கம் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தால் பந்து நழுவி விழாது. கால்களை எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு அழுத்தம். முதுகின் நடுப்பகுதிக்கும் பிட்டத்துக்கும் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிப்பவர்கள் உட்கார்ந்தபடி பாதத்துக்கு அடியில் உருட்டலாம். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த சின்ன பாட்டிலும் அதே வேலையைச் செய்யும். லக்ராஸ் பந்து என்று விற்கும் கெட்டி ரப்பர் பந்து கொஞ்சமும் அமுங்காது, அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டாம். அம்மாவுக்குப் பந்து ஏன் போதவில்லை என்றால், அவருக்கு வலி இருப்பது தோளின் மேல்முகத்தில். சுவர் பின்னாலிருந்துதான் அழுத்தும், மேலிருந்து அழுத்தாது. முழங்காலை மடக்கி அவ்வளவு நேரம் நிற்பதும் அவருக்கு முடியவில்லை.

ஃபோம் ரோலர் என்ற நுரை உருளையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்லது. 2019-ல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சிக்கு முன் உருட்டினால் வளையும் தன்மை சுமார் 4 சதவீதம் கூடுவதும், பின் உருட்டினால் தசைவலி சுமார் 6 சதவீதம் குறைவதும் தெரிந்தது. சிறிய பலன், ஆனால் உண்மையான பலன். இது பயிற்சிக்குப் பின் வரும் வலியைப் பற்றியது, வருடக்கணக்காக இருக்கும் வலியைப் பற்றியது இல்லை. தரையில் படுத்து, உடல் எடையைக் கையில் தாங்கி உருள வேண்டும். 50-ஐத் தாண்டிய, தோள் வலியுள்ள பெண்ணிடம் அதைக் கேட்கக்கூடாது. கெண்டைக்காலுக்கு மட்டும் என்றால் வீட்டுப் பூரிக்கட்டையே போதும்.

அடுத்தது மசாஜ் கன், துப்பாக்கி வடிவத்தில் மோட்டாரால் தசையைப் படபடவென்று குத்தும் கருவி. 2007-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட ஜேசன் வெர்ஸ்லண்ட் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்பவர்), மரம் அறுக்கும் ஜிக்ஸா மெஷினை மாற்றித் தனக்காகச் செய்துகொண்டதுதான் தெரகன் கருவியின் தொடக்கம். 2016-ல் அது கடைக்கு வந்தது. அதன் தலை 16 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போய்வருகிறது. நம் ஊரில் ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல 8 முதல் 12 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அது குத்துவதை விட அதிர்வதுதான் அதிகம். தொடைக்கும் பிட்டத்துக்கும் இதன் சுகமே தனி. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த காலுக்கு 2 நிமிடம் கொடுத்தால் போதும், கால் லேசாகிவிடும். அந்த இடங்களுக்கு நான்கில் இதுவே முதலிடம் என்று தயங்காமல் சொல்வேன்.

கழுத்துப்பட்டைக்கு வந்தால் கதை வேறு. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். தூக்கிய கையைத் தாங்குவது கழுத்துப்பட்டைத் தசைதான். இடது கையால் வலது தோளுக்குப் பிடிக்கலாம், ஆனால் 1 நிமிடத்துக்குள் இடது பக்கம் கடுக்க ஆரம்பித்துவிடும். அழுத்தத்தைத் தீர்மானிப்பதும் மோட்டார்தான். அம்மா ஒருநாள் வலி தாங்காமல் அதிக வேகத்தில் வைத்து ஒரே இடத்தில் 10 நிமிடம் பிடித்துவிட்டார். மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. வெயிலில் கிடந்த தகரத்தைத் தொட்டது போல, அந்த இடத்தில் விரல் பட்டாலே தோளை இழுத்துக்கொண்டார். அது கன்றலோடு போனது. மருத்துவ இதழ்களில் இதைவிட மோசமானவை பதிவாகியிருக்கின்றன. ஒருவருக்குத் தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்தது. இன்னொருவருக்குக் கழுத்தில் திரும்பத் திரும்ப வைத்ததற்குப் பின் முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்தது. அபூர்வம்தான். ஆனாலும் கழுத்தில் இதை வைக்க வேண்டாம்.

கொக்கித்தடிக்கு வருவோம். தெரா கேன், பேக்நாபர் என்ற பெயர்களில் வெளிநாட்டில் பல காலமாக இருப்பது. நடைக்குச்சி போல வளைந்த தடி, நுனியில் ஒரு குமிழ். வளைவைத் தோளில் மாட்டி, முன்னால் தொங்கும் தண்டை இரண்டு கையாலும் கீழே இழுத்தால் குமிழ் முதுகில் பதியும். கை இடுப்பு உயரத்தில் இருப்பதால் தோள் தசைக்கு வேலையே இல்லை. விட்டால் அழுத்தமும் போய்விடும். பேட்டரி கிடையாது, சத்தமும் கிடையாது. நான் கேட்ட மூன்று கேள்விக்கும் இது ஒன்றுதான் சரியான பதில் சொன்னது. குறை என்னவென்றால் ஒரே அளவில் வருகிறது. நண்பர் ஒருவரிடம் இருந்ததை வாங்கிப் பார்த்தோம். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். குமிழ் வலிக்கிற இடத்தைத் தாண்டிக் கீழே போய் நின்றது.

அதனால்தான் செய்யத் தொடங்கினோம். முதல் தடி, எலெக்ட்ரிஷியன் வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப். உள்ளே ஸ்பிரிங் விட்டு வளைத்தால் அழகாக வளைந்தது. ஆனால் இழுத்தபோது பைப்பே வளைந்து கொடுத்தது. "அங்கதான் கண்ணு, ஆனா வலுவே பத்தல" என்றார் அம்மா. அடுத்தது மாடிப்படிக் கைப்பிடி செய்யும் பட்டறையில் முக்கால் அங்குல ஸ்டீல் பைப். வளைவின் அகலம் 15 சென்டிமீட்டர் வைத்தபோது தோளின் மேட்டிலேயே மாட்டிக்கொண்டது, 20 ஆக்கியதும் சரியாக உட்கார்ந்தது. எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட, ஆனால் தோளில் தொங்குவதால் கைக்குப் பாரமில்லை.

அதிகம் யோசித்தது நுனியைப் பற்றித்தான். மேஜை டிராயருக்குப் போடும் மரக்குமிழ், இரண்டரை சென்டிமீட்டர் விட்டம். கைத்தடிக்கு அடியில் மாட்டும் ரப்பர் புஷ், 4 சென்டிமீட்டர். ஒரே இழுப்புதான், ஆனால் புஷ்ஷின் பரப்பு இரண்டரை மடங்கு அதிகம் என்பதால் அழுத்தம் அந்த அளவு குறைந்துவிடும். முதல் 2 வாரம் புஷ், அப்புறம் மரக்குமிழ் என்று வைத்துக்கொண்டோம். எவ்வளவு விசை என்று கைக்குப் பழக, சமையலறை டிஜிட்டல் தராசைத் தரையில் வைத்து, அம்மா குமிழை அதன்மேல் ஊன்றிப் பழகினார். ஒன்றரை கிலோ எப்படி இருக்கும், இரண்டு எப்படி இருக்கும் என்று கை கற்றுக்கொண்டது. 4 கிலோ என்பது கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 1990-ல் ஃபைப்ரோமயால்ஜியா என்ற, உடல் முழுக்க நாள்பட்டு வலிக்கும் நோய்க்கு வகுத்த சோதனையில் அழுத்திப் பார்க்கச் சொன்னதும் அந்த அளவுதான். நாங்கள் அதன் பாதிக்கு மேல் போவதில்லை. 10-க்கு 5 என்ற வலியில் நிறுத்தி, அரை நிமிடம் மூச்சை இழுத்து விட்டு, குமிழை ஒரு விரற்கடை நகர்த்துவார். மொத்தமே 5 நிமிடம்.

பாட்டி காலத்து உப்பு ஒத்தடத்தை இந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்தால் நியாயமாகாது. கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி, சூடு பொறுக்கும் அளவுக்கு ஒற்றினால் அழுத்துவதற்கு முன் தசை இளகுகிறது. இது கருவிகளுக்குப் போட்டி இல்லை, துணை.

எந்தக் கருவியும் வைக்கக் கூடாத சமயங்கள் உண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தக்கூடாது. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தொடவே வேண்டாம். இடது தோள், தாடை, கை என்று வலி பரவி வியர்த்தால் உடனே ஆஸ்பத்திரி. கை மரத்துப்போவது, பிடி தளர்வது, காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைப்பது இருந்தால் முதலில் பரிசோதனை. கழுத்தின் முன்பக்கத்தை எதனாலும் அழுத்தக்கூடாது.

அம்மாவின் வலி குறைந்ததற்குத் தடி மட்டும் காரணம் இல்லை. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 பேரை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், ரப்பர் டியூபைக் காலால் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை தினம் 2 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம் செய்தவர்களுக்கே வலி குறைந்தது. அம்மாவுக்கு மருத்துவர் கொடுத்த பயிற்சிகளில் இதுவும் ஒன்று. தடி அழுத்திய 5 நிமிடத்துக்குப் பிறகு கிடைக்கும் வலி குறைந்த நேரத்தில்தான் அவரால் இதைச் செய்ய முடிகிறது. எனக்கு அந்தத் தடி வேண்டியிருப்பதே அந்த இடைவெளிக்காகத்தான். நாற்காலியையும் 2 அங்குலம் உயர்த்திக்கொண்டார்.

பக்கத்து மெஷின் அக்கா போன மாதம் தடியை வாங்கிப்போய் 3 நாள் வைத்திருந்தார். அவர் அம்மாவை விட ஒரு சாண் உயரம். குமிழ் மேலேயே நின்றுவிடுகிறது என்று திருப்பிக் கொடுத்தார். வளைவின் பின்கை 7 சென்டிமீட்டர் நீளமாக இன்னொன்று வளைக்கக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை நுனியில் மரை போட்டு, குமிழையும் புஷ்ஷையும் மாற்றி மாட்டும்படி கேட்டிருக்கிறேன். பட்டறைக்காரர் அளவை எழுதிக்கொண்டு, "ஒண்ணு போதுங்களா, லைன்ல இருக்கறவங்களுக்கும் சேத்து வளைச்சரட்டுங்களா?" என்றார். அம்மா இப்போது லைனில் ஒவ்வொருவரையாகச் சுவரோடு நிற்க வைத்து, தோளிலிருந்து வலிக்கிற இடம் வரை இன்ச் டேப்பால் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.