மனமொத்த மணமுறிவுக்கு வக்கீல் வேண்டுமா: ஐந்து வார ஊர்ப் பயணத்தில் கண்டது

மெல்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பதியர் ஓராண்டு பிரிந்திருந்த பிறகு, கூட்டு விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் பதிந்து, வக்கீல் எவரையும் அமர்த்தாமல், நீதிமன்றப் படியும் ஏறாமல் மணமுறிவு பெற்றதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கான ஏற்பாடு முறையாக உள்ளது என்று நீதிமன்றம் நம்ப வேண்டும் என்பது மட்டும் அங்கே கூடுதல் நிபந்தனை. அதற்கும் விண்ணப்பத்திலேயே கேள்விகள் உண்டு. என் தங்கையும் அவள் கணவரும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிவதென்று முடிவெடுத்து, அதற்கு உதவியாக இருக்கலாம் என்று கடந்த ஜூன் மாதம் நான் ஊருக்குக் கிளம்பியபோது, இந்த நினைப்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போனேன். "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எதுக்கும்மா வக்கீல்?" என்று தொலைபேசியில் தங்கையிடம் சொன்னவன் நான்தான்.

ஊர், தென் தமிழகத்தில் ஒரு மாவட்டத் தலைநகர். நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தவற்றில் பாதி எங்கள் பிழை. திருமணம் வேறு ஊரில் நடந்தது. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறார். ஆயினும் மனைவி வசிக்கும் இடத்திலேயே மனுவைத் தாக்கல் செய்ய இந்து திருமணச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருப்பதால், தங்கை பிள்ளைகளோடு இருக்கும் எங்கள் ஊரிலேயே போட முடிந்தது. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு நான்கு. இருவரும் பிரிந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளைக்குக் கிடைத்த விடுப்பு பன்னிரண்டு நாட்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை என் நினைப்பு தவறில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, வழக்கறிஞர் மூலம் ஆஜராவதைக் கட்சிக்காரர் தம் உரிமையாகக் கோர முடியாது என்றே சொல்கிறது. தேவை என்று பட்டால் நீதிமன்றமே சட்ட வல்லுநர் ஒருவரின் உதவியை நாடலாம். கணவனும் மனைவியும் தாமாகவே வந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் இடமாகத்தான் அந்த நீதிமன்றம் எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால், தாக்கல் பிரிவில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "வக்கீல் யாரு சார்?" என்பது. நாங்களே போடுகிறோம் என்றதும் அந்த ஊழியர் கோபிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பார்ட்டி இன் பெர்சன் மனு வந்து நாளாகிவிட்டது என்று சொல்லி, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று உள்ளே போய் விசாரித்து வந்தார்.

மனுவை எதிரே இருந்த டைப்பிங் கடையில் தயாரித்தோம். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி மனமொத்த மணமுறிவுக்கு வேண்டியவை மூன்று: ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ இயலாத நிலை இருக்க வேண்டும், மணவாழ்வை முடித்துக்கொள்ள இருவரும் ஒப்பியிருக்க வேண்டும். (சிறப்புத் திருமணச் சட்டத்தில் 28-ஆம் பிரிவும், கிறித்தவர்களுக்கான சட்டத்தில் 10ஏ பிரிவும் இதே வகையானவை, விவரங்கள் வேறுபடும்.) கடைக்காரரிடம் இதற்கென்று ஆயத்த நகல் ஒன்று கணினியில் இருந்தது. பெயர், ஊர், தேதி மாற்றி அரை மணி நேரத்தில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். வக்கீல் கட்டணம் மிச்சம் என்ற மகிழ்ச்சியில் அன்று மாலை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்தே தேநீர் குடித்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மனு ரிட்டர்ன் ஆனது. மூன்றாம் பத்தியில் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது ஏப்ரல் மாதம் என்றும், ஆறாம் பத்தியில் ஜூன் மாத இறுதி என்றும் இருந்தது. இரண்டாவது தேதியை எடுத்துக்கொண்டால் ஓராண்டே நிறையவில்லை, மனுவே நிற்காது. திருத்திக் கொடுத்தோம். மீண்டும் ரிட்டர்ன்: பிள்ளைகளின் பிறப்புச் சான்று இணைக்கப்படவில்லை, இவ்விருவருக்கும் இடையே வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற வாசகம் இல்லை. குறைகளைச் சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரே தடவையில் எல்லாக் குறைகளையும் சொல்லாமல் தவணை முறையில் சொன்னது, விடுப்பை நாள் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்குக் கசந்தது. பன்னிரண்டில் ஐந்து நாட்கள் இப்படிப் போயின.

இந்த அலைச்சலை வைத்து மட்டும் வக்கீல் தேவை என்று நான் எழுத மாட்டேன். பொறுமையும் ஊரில் இரண்டு மாதமும் இருப்பவர்கள் இந்தக் குறைகளைத் தாமே சரிசெய்துவிடலாம். என் எண்ணம் மாறியது, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 15100 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம். அங்கே அன்றைக்குப் பணியில் இருந்த பெண் வழக்கறிஞர் எங்கள் மனுவை இருபது நிமிடம் படித்தார். எட்டாம் பத்தியில் விரலை வைத்து, "ஏம்மா, இதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று தங்கையிடம் கேட்டார்.

'முதல் மனுதாரர் தமக்கோ பிள்ளைகளுக்கோ எக்காலத்திலும் ஜீவனாம்சம் கோரமாட்டார்' என்று அதில் இருந்தது. ஆயத்த நகலில் இருந்த வாசகத்தில் கடைக்காரர் 'பிள்ளைகளுக்கோ' என்பதைத் தாமாகவே சேர்த்திருந்தார். மாதாமாதம் பணம் அனுப்புவதென்று முடிவு செய்திருந்த மாப்பிள்ளைக்கே அப்படி ஒரு வரி இருப்பது தெரியாது. நாங்கள் மூவரும் படித்திருந்தோம், மூவர் கண்ணிலும் படவில்லை. தாய் தனக்குரியதை விட்டுக்கொடுக்கலாம், பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை. அப்படி எழுதினாலும் பிள்ளையின் உரிமை அற்றுப்போகாது என்று அந்த வழக்கறிஞர் விளக்கினார். ஆனால், அப்படி ஒரு வரி இருக்கும் ஆவணத்தை வைத்துக்கொண்டு நாளைக்குப் பள்ளிக் கட்டணம் கேட்டு இன்னொரு வழக்கு நடத்த நேரும் என்பதுதான் அவர் சுட்டிய ஆபத்து.

ஆணைக்குழு மூலமே தங்கைக்கு வழக்கறிஞர் நியமிக்கக் கோரியிருக்கலாம். மாப்பிள்ளையின் விடுப்பு கரைந்துகொண்டிருந்ததால் கட்டணம் கொடுத்தே தேடினோம். ஒருவர் இருவருக்கும் சேர்த்து, தொடக்கம் முதல் தீர்ப்பு நகல் வரை என்று 75,000 ரூபாய் கேட்டார். நான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருப்பதைப் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தது என் தவறு. இன்னொருவர், முப்பது ஆண்டு அனுபவமுள்ள அம்மையார், 30,000 சொன்னார். தங்கைக்கு மட்டுமே வக்காலத்து வாங்குவேன் என்றும், பிள்ளைகள் இருக்கும் வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் யோசனை சொல்வது முறையாகாது என்றும், மாப்பிள்ளை தம் பக்கத்துக்கு வேறொருவரிடம் மனுவைக் காட்டிவிட்டுக் கையெழுத்திடட்டும் என்றும் சொன்னார். மாப்பிள்ளை அப்படியே செய்தார். படித்துப் பார்க்க மட்டும் ஒரு வழக்கறிஞருக்கு 3,000 ரூபாய் கொடுத்தார். அவர் இரண்டு இடங்களில் மாற்றம் கேட்டார், இரண்டும் நியாயமானவை.

அந்த அம்மையாரின் அறையில் ஒரு முழு மாலை நடந்ததுதான் இந்தப் பயணத்தில் நாங்கள் கொடுத்த பணத்துக்கு உண்மையான வரவு. 'பிள்ளைகள் தாயிடம் இருப்பார்கள், தந்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று நாங்கள் பெருந்தன்மையாக எழுதியிருந்த ஒற்றை வரியை எடுத்துவைத்துக்கொண்டு, அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கோடை விடுமுறையில் எத்தனை நாள்? துபாய்க்குக் கூட்டிப் போகலாமா? வாரத்தில் எந்த நாள், எந்நேரம் காணொளி அழைப்பு? மகளின் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது கையெழுத்துப் போட யார் எங்கே இருப்பார்கள்? பள்ளிக் கட்டணம் உயர்ந்தால் அனுப்பும் தொகையும் உயருமா, கல்லூரிச் செலவு யாருடையது, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் யார் முடிவெடுப்பது? ஒவ்வொன்றுக்கும் தங்கையும் மாப்பிள்ளையும் மனதில் வெவ்வேறு பதிலை வைத்திருந்தார்கள். சண்டை இல்லாத மணமுறிவு என்று நாங்கள் நம்பியிருந்தது, பேசாமல் விட்ட விஷயங்கள் நிறைய இருந்ததால்தான் அப்படித் தோன்றியிருக்கிறது.

நானே மறைத்து வைத்திருந்த கேள்வி ஒன்றும் அன்று வெளியே வந்தது. பின்னாளில் தங்கையையும் பிள்ளைகளையும் மெல்பர்னுக்கு அழைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு உண்டு. அம்மையார் அதை மாப்பிள்ளையின் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார். குழந்தைக்கு ஆஸ்திரேலிய விசா கோரும்போது, உடன் வராத பெற்றோரின் ஒப்புதலையோ நீதிமன்ற ஆணையையோ கேட்பார்கள். இந்தியாவோ, குழந்தைகளை நாடு விட்டு நாடு கடத்திச் செல்வது தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை. எனவே ஒருவர் பிள்ளையோடு நாடு மாறி, மற்றவர் ஒப்பவில்லை என்றால், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மாப்பிள்ளையின் முகம் சற்று மாறியது. "மச்சான், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். நியாயமான சொல். ஆறு மாத முன்னறிவிப்பும் எழுத்து மூலமான சம்மதமும் இல்லாமல் பிள்ளைகளை நிரந்தரமாக வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதில்லை என்று அதற்கும் ஒரு பத்தி சேர்ந்தது.

இவ்வளவு எழுதினாலும் அது கல்லில் பொறித்தது ஆகாது. பிள்ளைகளின் நலனே முதன்மை என்பதால் பெற்றோரின் ஒப்பந்தம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவின் கீழ், தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளைகள் குறித்த ஆணையை மாற்றக் கோரலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இந்துக்களின் காப்பாளர் உரிமை பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் மகனைப் பற்றிக் கேள்வி எழவில்லை. மகளைப் பற்றித்தான் நீதிமன்ற ஆலோசகர் நெடுநேரம் கேட்டார். அவளுக்கு விஷயத்தைச் சொல்லியாயிற்றா, யார் சொன்னது, இருவரும் சேர்ந்து சொன்னீர்களா என்று. அந்தக் கேள்விக்கு எந்த வக்கீலாலும் பதில் எழுதித் தர முடியவில்லை.

மூன்றாம் முறை மனு ஏற்கப்பட்டு எண் கிடைத்தது. விமான டிக்கெட்டின் நகலை இணைத்து, விரைவில் விசாரணைக்கு எடுக்கக் கோரி அம்மையார் ஒரு மெமோ கொடுத்தார். அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை கிளம்புவதற்கு முந்தின நாள் இருவரும் நீதிபதி முன் நின்றார்கள். மாப்பிள்ளை தம் தந்தைக்கு ஒரு பவர் பத்திரமும் எழுதிக் கொடுத்தார்.

மனு கொடுத்த பிறகு, இருவரும் மீண்டும் நீதிபதி முன் சம்மதம் சொல்லும் வரை சட்டம் வைத்திருக்கும் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அது கட்டாயமன்று, நீதிமன்றம் விலக்களிக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அத்தீர்ப்பு முன்வைத்த அளவுகோல்களில் ஒன்று, முதல் மனுவுக்கு முன்பே ஓராண்டோடு இந்த ஆறு மாதமும் கழிந்திருக்க வேண்டும் என்பது. அதாவது பதினெட்டு மாதப் பிரிவு. எங்களுக்குப் பதினான்குதான். இங்கே கேட்டுப் பயனில்லை என்று அம்மையார் கைவிரித்துவிட்டார். ஐந்து வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு விடுப்பு எடுத்து வருபவர்கள், முதலில் இந்த மாதக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாய்தா டிசம்பரில். அதே 2017 தீர்ப்பு, நேரில் வர இயலாதவர்களுக்காகக் காணொளியையும், பெற்றோர், உடன்பிறந்தோர் மூலம் ஆஜராவதையும் அனுமதிக்கலாம் என்று சொல்லியிருப்பதால், துபாயிலிருந்தே முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தார். தீர்ப்பு வரை இருவரின் சம்மதமும் நீடித்தால்தான் மணமுறிவு. அதற்குள் யாரும் மனம் மாறலாம். அம்மையார் என்னை வழியனுப்பும்போது, "முடிஞ்சா அவரை நேர்ல வரச் சொல்லுங்க சார், பிள்ளைங்களையும் ரெண்டு நாள் பார்த்துட்டுப் போன மாதிரி இருக்கும்" என்றார். மாப்பிள்ளை டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறார். வாய்தாவுக்கு நான்கு நாள் முன்னதாக.