ஹோயர் திரவமும் பறவைகளின் மூக்குச் சிற்றுண்ணிகளும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பறவைகளின் மூக்குக்குள் வாழும் ஒட்டுண்ணிகளான சிற்றுண்ணிகளை (mites) இனங்காணக் கற்றுக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், அவற்றை நுண்ணோக்கி ஸ்லைடில் பதித்துவைக்கும் ஹோயர் திரவம் வாங்கலாமா என்று அண்மையில் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் நான், சில ஆண்டுகளுக்கு முன் அதே திரவத்தில் பதித்த ஸ்லைடுகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, உள்ளே இருந்த சிற்றுண்ணிகளை மீட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தக் குறிப்பில் கோபம் தெரியத்தான் செய்யும். ஆனாலும் அந்தத் திரவத்தால் நான் பார்க்க முடிந்தவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

குளோரல் ஹைட்ரேட், அரபுக் கோந்து, கிளிசரின், தண்ணீர் ஆகியவை என்ன அளவில் சேரும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே, அதை விட்டுவிடுகிறேன். இந்த உயிரிகளுக்கு அது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். பறவை மூக்கில் மிகுதியாகக் கிடைப்பவை ரைனோனிசிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. மூக்கின் ஈரமான சவ்வில் தங்கி இரத்தம் குடித்து, மெதுவாக நகரும் வாழ்க்கை அவற்றுடையது. வெளியுலகின் வறட்சியோடு போராட வேண்டிய தேவை இல்லாததாலோ என்னவோ, உடலின் தகடுகள் மெலிந்து, நுண்மயிர்கள் குறுகி, உடல் பெரும்பாலும் மெத்தென்ற தோலாகவே இருக்கிறது. இனங்காண நாம் நம்ப வேண்டியிருப்பதோ அந்த மெலிந்த தகடுகளின் விளிம்பையும் அந்தக் குட்டை மயிர்களையும்தான். அவற்றின் உடலோட்டின் பொருளான கைட்டினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55. ஸ்லைடு பதிக்கும் பிசினான கனடா பால்சத்தின் எண் அதற்கு மிக அருகில் இருப்பதால், அதில் பதித்தால் மயிர்கள் கண்ணில் படாமலே போய்விடும். ஹோயர் திரவத்தின் எண் சுமார் 1.48. இந்தச் சிறிய இடைவெளி போதும். ஒளிவிலகல் வேறுபாட்டை ஒளி-நிழலாக மாற்றிக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் ஒவ்வொரு மயிரும் அடி முதல் நுனி வரை கறுத்துத் தெளிவாக எழுந்து நிற்கும்.

நான் வசிக்கும் கனடாவில் வீட்டுச் சிட்டுக்குருவியும் மாடப்புறாவும் இடம்பெயரும் பறவைகளுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. எனவே கண்ணாடிச் சுவர்களில் மோதி இறந்து கிடக்கும் அவற்றிலிருந்தே புதியவர் ஒருவர் தொடங்கலாம். மூக்குத் துளையிலிருந்து பக்கவாட்டில் நுண்கத்தரியால் திறந்தும் பார்க்கலாம்; சோப்புத் தண்ணீரை உள்ளே செலுத்தி, வெளியே வருவதைக் கிண்ணத்தில் பிடித்தும் பார்க்கலாம். குருவியில் கிடைப்பது பெரும்பாலும் டைலோனிசஸ் ஹிர்ஸ்டி. புறாவில் டினாமினிசஸ் மெல்லோய். கழுவிப் பிடிக்கும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. இறகுகளுக்கிடையே வாழும் ஆர்னிதோனிசஸ் போன்ற இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகளும் அந்தத் தண்ணீரோடு வந்து சேர்ந்துவிடும். வெறும் கண்ணுக்கு இரண்டும் இரத்தம் நிரம்பிய புள்ளிகள்தாம்.

ஹோயர் திரவத்தின் அருமை எனக்கு முதலில் விளங்கியது இந்த இடத்தில்தான். லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்துத் தெளிவாக்கிய பிறகும் வயிற்றில் மிச்சமிருக்கும் இரத்தக் கறையை, திரவத்திலுள்ள குளோரல் ஹைட்ரேட் அடுத்த சில நாட்களில் மேலும் கரைத்துவிடுகிறது. அதன் பின் பார்த்தால் ஆர்னிதோனிசஸின் சுவாசத்துளையிலிருந்து பெரிட்ரீம் எனப்படும் நீண்ட குழல் உடலின் பக்கவாட்டில் முன்னோக்கி ஓடுவது தெரியும். மூக்குக்குரிய இனங்களிலோ சுவாசத்துளை முதுகுப்புறம் ஏறியிருக்கும். பெரிட்ரீம் மிகக் குட்டையாகவோ அறவே இல்லாமலோ இருக்கும். இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். சினைப்பட்ட பெண்களில் இன்னொன்றும் காணக் கிடைக்கும்: தாயின் உடலுக்குள்ளேயே முழுதாக உருவான லார்வா, மடக்கிய ஆறு கால்களோடு. அந்தக் காட்சியை இவ்வளவு துல்லியமாக வேறெந்த ஊடகத்திலும் நான் கண்டதில்லை. எத்தனையோ முறை பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லை.

பேரினம் வரை போக டேனி பென்ஸ் 1975இல் வெளியிட்ட வட அமெரிக்கத் திறவுகோலும் (படிப்படியான கேள்விகளால் இனங்காண உதவும் நூல்), ஆல்பர்ட்டா பறவைகளின் சிற்றுண்ணிகளுக்காக வெய்ன் நீ (Wayne Knee) என்பவரும் ஹெதர் ப்ராக்டரும் 2006இல் வெளியிட்ட திறவுகோலும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்வது ஸ்லைடின் தெளிவுதான்.

இனி என் குறை. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை விடாமல் உறிஞ்சும். காற்று வறண்டால் விடாமல் இழக்கும். நான் இருக்கும் ஊரில் கோடை புழுங்கும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி அறைக்காற்றை முற்றாக உலர்த்திவிடும். 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் நன்றாக உலரவைத்து, மின்மோட்டார் சுருள்களுக்குப் பூசும் சிவப்பு கிளிப்டல் வார்னிஷால் கவர் ஸ்லிப்பின் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடியின்) விளிம்பை இருமுறை அடைத்த ஸ்லைடுகளிலேயே படிகங்கள் வந்துவிட்டன. விளிம்பில் ஊசி ஊசியாகத் தொடங்கி உள்நோக்கி வளர்ந்து, ஒரு புறாச் சிற்றுண்ணியின் முதுகுத் தகட்டின் மீது ஏறிவிட்டன. எந்த மயிரை எண்ண வேண்டுமோ அது படிகத்துக்கு அடியில் போய்விட்டது. அதே பெட்டியில், அதே நாளில், அதே கையால் பதித்த பக்கத்து ஸ்லைடு பழுதின்றி இருக்கிறது. எது கெடும், எது நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இந்த நிலைதான் என்னை வதைக்கிறது. அதிலும் நான் வாங்கிய புட்டி ஒன்றில் தயாரித்த தேதியும் இல்லை, சேர்மான அளவும் இல்லை. விற்றவரிடம் கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. பல நாடுகளில் குளோரல் ஹைட்ரேட் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து என்பதால், நானே கலக்கிக்கொள்கிறேன் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது.

நியாயமாகச் சொல்வதானால், கெட்ட ஸ்லைடை மீட்க முடிவதும் இந்தத் திரவத்தால்தான். அது நீரில் கரையும். ஸ்லைடின் வார்னிஷைச் சுரண்டிவிட்டுத் தண்ணீரில் கிடத்தினால், சில நாட்களில் கவர் ஸ்லிப் தானே விலகி, கால்கள் முறியாமல் சிற்றுண்ணி வெளியே வந்துவிடுகிறது. பாலிவினைல் ஆல்கஹால் கலந்த ஊடகங்களில் இறுகிப்போனதை இப்படிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஈரத்தை உறிஞ்சிக் கெடுவதும் ஈரத்தில் கரைந்து மீள்வதும் ஒரே குணத்தின் விளைவுதான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், மாலை நேரங்களையெல்லாம் மீட்புப் பணிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனால் அதை ஒரு சிறப்பாகக் கொண்டாட முடியவில்லை.

ஆகவே நண்பருக்கு நான் எழுதிய பதில், வாங்க வேண்டாம் என்பதே. மேலே நான் புகழ்ந்தவை அனைத்தும் உண்மை. அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்குங்கள் என்றுதான் விடை வரும் என்பதும் உண்மை. ஆனால் இன்னொருவரின் பறவைகளிலிருந்து வரும் சிற்றுண்ணிகளும் பத்து ஆண்டுகளில் இப்படிப் படிகத்துக்குள் போவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. பாதுகாத்து வைக்க வேண்டியவற்றை, ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, யூபரல் என்ற பிசின் ஊடகத்தில் பதிக்கும்படி சொல்லியிருக்கிறேன். அதன் ஒளிவிலகல் எண்ணும் 1.48ஐ ஒட்டியதுதான், வேலை கூடுதல், மெலிந்த உடல்கள் சில வேளை சுருங்கவும் கூடும்.

என்னிடம் எஞ்சியிருக்கும் புட்டியைக் குருவிச் சிற்றுண்ணிகளை உடனடியாகப் பார்த்து வரைவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். இனி ஒவ்வொரு பறவையிலிருந்தும் கிடைப்பவற்றில் ஒரு பகுதியைப் பதிக்காமல், 95 விழுக்காடு எத்தனாலில் இட்டு, பறவையின் இனமும் கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டோடு உறைபெட்டியில் வைக்கிறேன். மரபணு ஆய்வுக்கும் அது உதவும்.