கரையா, கயாக்கா, போட்டா, ஃபிஷிங் பியரா? முதலை இருக்கிற தண்ணில எங்க நின்னு தூண்டில் போடுறது

ஃப்ளோரிடாவுக்கு வந்து மீன்பிடிக்க ஆரம்பிக்கிற நம்மாளுங்க கேக்கிற மொதல் கேள்வி எந்த ராட், அதாவது தூண்டில் கோல், வாங்கலாம்னு, ரெண்டாவது கேள்வி அந்த ஏரில முதலை இருக்குமான்னு. ரெண்டாவதுக்கு ஒரே பதில்தான், இருக்கும். ஸ்டேட்ல 67 கவுண்ட்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, 67லயும் ஆலிகேட்டர்ங்கிற இந்த முதலை இருக்கு, மொத்தம் சுமார் 13 லட்சம்னு ஸ்டேட்டோட வைல்ட்லைஃப் கமிஷன் கணக்கு சொல்லுது. அதுக்காக பயந்து நடுங்கவும் வேணாம், நாமளா சீண்டாம ஆஸ்பத்திரி போற அளவுக்கு கடி வாங்குறவங்க வருஷத்துக்கு சராசரியா எட்டு பேர்தான். ஆனா அந்த எட்டுல ஒண்ணா போயிடக்கூடாது இல்லையா, அதனால முதலை இல்லாத குளம் தேடி அலையுறத விட்டுட்டு நாம எங்க நிக்கிறோம், பிடிச்ச மீன் எங்க இருக்குன்னு ரெண்டே விஷயத்த பாத்தா போதும்னு நான் சொல்லுவேன். நாலு விதமாவும் பிடிச்சு பாத்தாச்சு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கரை. எல்லாரும் ஆரம்பிக்கிறது இங்கதான். ரெசிடென்ட்டா இருந்தா வருஷத்துக்கு 17 டாலர் லைசென்ஸ், ஒரு ராடு, புழு, அவ்ளோதான் செலவு, அப்பார்ட்மென்ட்டுக்கு பின்னாடியே மழைத்தண்ணி தேக்குற குளம் இருக்கும், சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு செருப்ப மாட்டிட்டு போயிடலாம். பிரச்சனையே அந்த சாயங்காலம்தான். முதலை நல்லா சுறுசுறுப்பா திரியுறது இருட்ட ஆரம்பிச்சதுல இருந்து விடியுற வரைக்கும், மீன் நல்லா கடிக்கிற நேரமும் கிட்டத்தட்ட அதே.

மொத வருஷம் நான் பண்ண கூத்த சொல்றேன். பிடிச்ச ரெண்டு ப்ளூகில் மீன ஸ்ட்ரிங்கர்ல கோத்து, அதாங்க அந்த நைலான் கயிறு, கால்கிட்ட இருந்த ஒரு வேர்ல கட்டி தண்ணிக்குள்ள விட்டுட்டேன், மீன் உயிரோட ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு. கொஞ்ச நேரத்துல கயிறு லேசா ஆடுச்சு, மீன் துள்ளுதுன்னு நெனச்சேன். குனிஞ்சு கயித்த பிடிக்கப்போனப்ப கயிறு இருந்த இடத்துல இருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி ரெண்டு மேடு தெரிஞ்சுது, முன்னாடி மூக்கு, பின்னாடி கண்ணு, நடுவுல வெறும் தண்ணி, ஒரு அலை கூட இல்ல. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல எத்தன இஞ்ச்சோ அத்தன அடி நீளம் இருக்கும்னு இங்க ஒரு குத்துமதிப்பு கணக்கு சொல்லுவாங்க, அந்த கணக்குப்படி ஏழு அடி. கயித்த அப்படியே விட்டுட்டு பின்னாடியே நடந்து வந்துட்டேன், முதுக திருப்பவே இல்ல. மீனும் போச்சு, நாலு டாலர் கயிறும் போச்சு.

அன்னைல இருந்து ஸ்ட்ரிங்கர் கிடையாது, ஐஸ் பாக்ஸ்தான். இது ரெண்டுக்கும் நடுவுல ஒப்பீடே தேவையில்ல, ஸ்ட்ரிங்கர்ங்கிறது முதலைக்கு பந்தி விரிச்சு பக்கத்துல நாமளே உக்காந்துக்கிற மாதிரி. ஐஸ் பாக்ஸ தண்ணி ஓரத்துல வைக்காம பத்தடி பின்னாடி வைங்க, நீங்களும் அங்கயே நின்னு வீசுங்க, மீன் மாட்டினா வெளையாட்டு காட்டாம சீக்கிரம் இழுத்துடுங்க, ஏன்னா துள்ளுற மீனோட சத்தம்தான் அதுக்கு சாப்பாட்டு மணி. கை கழுவ ஓரத்துல குத்த வைக்கிறது, அங்கயே மீன சுத்தம் பண்ணி குடல தண்ணில வீசுறது, இது ரெண்டும் கூடவே கூடாது. முதலைக்கு தீனி போடுறது இங்க சட்டப்படி குற்றம், மீன் கழிவும் தீனிதான், குப்பைத்தொட்டில போடுங்க. குளத்துல வாத்துக்கு ரொட்டி போடுறவங்க இருந்தாங்கன்னா அந்த எடத்த மாத்திடுங்க, மனுசன பாத்ததும் விலகிப்போகாம கிட்ட வர்ற முதலை அப்படித்தான் உருவாகுது. நாய கூட்டிட்டு போறதும் வேணாம், அதோட கண்ணுக்கு நாய்ங்கிறது சரியான சைஸ்.

இன்னொண்ணு, கரைல நிக்கிறவங்களுக்கு சீசன் ரொம்ப முக்கியம். ஏப்ரல்ல ஜோடி தேட ஆரம்பிக்கும், மே ஜூன்ல இணை சேரும், அப்பதான் குளம் விட்டு குளம் ரோட்ட தாண்டி நடக்கும். ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துல புல்லு சேத்து குமிச்சு முட்டை விடும், ஆகஸ்ட் நடுவுல இருந்து குஞ்சு வரும். கரையோரமா காஞ்ச புல்லுக்குவியல் மாதிரி தெரிஞ்சாலோ, மஞ்சக்கோடு போட்ட குஞ்சுங்க கீச்சு கீச்சுன்னு கத்துற சத்தம் கேட்டாலோ ஃபோட்டோ எடுக்க நிக்காதீங்க, அம்மா பக்கத்துலதான் இருக்கும். உஸ்ஸுனு சீறுனா நீங்க ஏற்கனவே ரொம்ப கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம்.

கயாக், துடுப்பு போடுற ஒல்லியான சின்ன படகு. இதப்பத்தி எழுதினா கயாக்காரங்க சண்டைக்கு வருவாங்க, பரவால்ல. பேஸ் மீனுக்கு கயாக் மாதிரி ஒண்ணு வராது, கரைல இருந்து எட்டாத தாமரை இலைக்கு நடுவுல சத்தமில்லாம நுழையலாம். அந்த சத்தமில்லாம நுழையுறதுதான் என் பிரச்சனை. அடில படுத்துக்கிடக்கிற முதலைக்கு நீங்க வர்றது தெரியாது, உங்களுக்கும் அது இருக்கிறது தெரியாது. 2025 மே மாசம் கிஸ்ஸிமி ஏரிகிட்ட டைகர் க்ரீக் வாய்ல ஒரு தம்பதி கனூல, அதுவும் துடுப்புப்படகுதான், போயிட்டிருந்தாங்க, ரெண்டரை அடி ஆழம்தான், அடில இருந்த 11 அடிக்கு மேல உள்ள முதலை மேல கனூ போயிடுச்சு, அது பதறிப்போய் உதறுனதுல கனூ கவுந்து அந்தம்மா இறந்துட்டாங்க. அவங்க தீனியும் போடல, சீண்டவும் இல்ல. அந்த செய்திக்கு அப்புறம் இடுப்பளவுக்கும் குறைவான தண்ணில, அதுவும் புல்லு மண்டிக்கிடக்கிற எடத்துல, மே ஜூன்ல நான் கயாக் விடுறதில்ல. கட்டாயம் போகணும்னா துடுப்பால கயாக் ஓரத்துல அப்பப்ப தட்டிக்கிட்டே போங்க, மீன் ஓடினா ஓடட்டும். மீன பக்கவாட்டுல கயித்துல தொங்கவிட்டு போறவங்கள இன்னும் பாக்குறேன், உக்காந்திருக்கிறதே தண்ணிக்கு ஒரு சாண் மேல, அதுல இடுப்புல இரைய கட்டிக்கிட்டு போறது என்ன தைரியமோ தெரியல.

சின்ன அலுமினிய போட். எனக்கு சொந்தமா இல்ல, ஃப்ரெண்டுகிட்ட இருக்கு, அதுதான் இருக்கிறதுலயே நல்ல போட்னு ஒரு பேச்சு உண்டு. பாதுகாப்புன்னு பாத்தா நாலுல இதான் மேல. ஓரம் உசரமா இருக்கு, மீன் லைவ்வெல்லுக்குள்ள, அதாவது போட்லயே இருக்கிற தண்ணித்தொட்டிக்குள்ள, போயிடுது, முதலை வந்து சுத்துச்சுன்னா மோட்டார போட்டு வேற எடம் போயிடலாம், கரைல நிக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. ஆனா ஆபத்து நடு ஏரில இல்ல, போட்ட தண்ணில எறக்குற சரிவு இருக்கே, அந்த போட் ராம்ப்ல. விடியக்காலைல இருட்டுல செருப்போட முட்டி வரைக்கும் எறங்கி போட்ட தள்ளுவோம் பாருங்க, அந்த அஞ்சு நிமிஷம்தான். எறங்குறதுக்கு முன்னாடி டார்ச்ச கண்ணு மட்டத்துல பிடிச்சு தண்ணி மேல ஒரு சுத்து அடிங்க, முதலை கண்ணு செவப்பா கங்கு மாதிரி மின்னும். அப்புறம் வெயில் காலத்துல மத்தியானம் இடி மின்னல் வந்தா போட்ல ஒளிய எடமில்ல, எனக்கு முதலைய விட அதுதான் அதிக பயம்.

ஃபிஷிங் பியர். கம்பி கட்டின மரப்பாலம் மாதிரி ஏரிக்குள்ள நீட்டிட்டு இருக்கும், பார்க்குங்கள்ல ஓசில கெடைக்கும். குழந்தைங்களோட போறீங்கன்னா வேற யோசனையே வேணாம், இதுதான். குறைன்னா கூட்டம், அப்புறம் அங்கயே மீன் வெட்டி கழிவ கீழ போடுற ஆளுங்க, அதனால பியருக்கு அடில ஒரு முதலை பர்மனென்ட்டா குடியிருக்கும். மீன மேல தூக்குறப்ப அது வால உதறி நேரா மேல எம்பும், நான் கண்ணால பாத்திருக்கேன், தலையோட பாதி ப்ளூகில் மட்டும் மேல வந்துச்சு, என் பொண்ணு ஒரு வாரம் அத பத்தியே பேசினா. கம்பி இல்லாம தண்ணியோட மட்டமா மெதக்குற டாக் இருக்கே, அத பியர் கணக்குல சேக்காதீங்க, அது கரைக்கு சமம்தான்.

தூண்டில்ல எத மாட்டி போடுறோம்ங்கிறத பொறுத்தும் வித்தியாசப்படும். மேல்தண்ணில சளக் சளக்குனு வர்ற தவளை லூர், அதாவது தவளை மாதிரி செஞ்ச போலி இரை, முதலைய கூப்பிடும், லைன்ல கட்டுற மெதப்பான் பாபரும் கூப்பிடும், வீட்டுப்பக்க குளத்துல பாபர் பின்னாடியே வரும். அடில மெதுவா இழுக்கிற ரப்பர் புழுதான் என் அனுபவத்துல அமைதி. முதலை லூர பாத்து நகர ஆரம்பிச்சா உடனே சுருட்டிட்டு எடத்த மாத்துங்க. மீறி வாயில எடுத்துடுச்சுன்னா லைன வெட்டிடுங்க, மூர்க்கனும் முதலையும் கொண்டது விடாதுன்னு சும்மா சொல்லல, 12 டாலர் லூருக்காக மல்லுக்கு நிக்காதீங்க. லைன கைல சுத்தி இழுக்கவே இழுக்காதீங்க. கட்டர் பெட்டிக்குள்ள இருந்து பிரயோஜனமில்ல, சட்டப்பைல இருக்கணும்.

கரைல துரத்துச்சுன்னா வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நேரா தண்ணிய விட்டு விலகி ஓடுங்க, அதுக்கு தரைல ரொம்ப தூரம் மூச்சு கிடையாது. கடிச்சுடுச்சுன்னா சும்மா இருக்கக்கூடாது, கண்ணுலயும் மூக்குலயும் குத்தி முரண்டு பிடிங்க, விட்டதும் சின்ன காயமா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போங்க, அதோட வாய்ல இருக்கிற கிருமியே போதும்.

முதலைய பாத்துக்கிட்டே கால்கிட்ட கோட்டை விடுறவங்கதான் ஜாஸ்தி. காட்டன்மவுத்னு ஒரு விஷப்பாம்பு, நீந்துறப்ப உடம்பு முழுக்க தண்ணிக்கு மேல மெதக்கும், மெரட்டுனா வாய பொளந்து உள்ள வெள்ளையா காட்டும். கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, நேரா எமர்ஜென்சி. கெளுத்தியோட முதுகு முள்ளும் ரெண்டு பக்க முள்ளும், செவப்பெறும்பு புத்து, இது ரெண்டுலயும் கவனமா இருங்க, புத்து கரைலதான், ஆனா முள்ளு போட்லயும் குத்தும்.

நாலு அடிக்கு மேல உள்ள முதலை ஆளுங்கள பாத்து பயப்படாம சுத்துச்சுன்னா வைல்ட்லைஃப் கமிஷனோட 866-392-4286 நம்பருக்கு ஃபோன் போடலாம், பிடிக்க ஆள் அனுப்புவாங்க. பிடிச்சத வேற ஏரில விடுவாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன், பெரும்பாலும் கொன்னுடுவாங்களாம், ரொட்டி போடுறவங்க கிட்ட இத சொல்லுங்க.

இப்ப என் வழக்கம் என்னன்னா, பொண்ணோட போனா பியர், தனியா போனா வெளிச்சம் இருக்கிறப்ப கரை, ஃப்ரெண்டு கூப்பிட்டா போட். கயாக் கராஜ்ல தொங்குது, 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ போனா முதலை இரையெடுக்காம மந்தமா படுத்துடும், ஜனவரில ரெண்டு வாரம் அந்த குளிர் வந்தா எறக்குவேன், பேஸும் அப்ப சரியா கடிக்காது, என்ன பண்றது.